நூறு கிலோ பெல்ட்

சேஃப்டி பெல்ட்டைப் புரட்டி, உள்பக்கம் தைத்திருந்த துணிச் சீட்டை மேஸ்திரி தொகாஷி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“படிங்க.”

“நூறு கிலோ” என்றான் கென்சாகு.

“ஆளும், இடுப்புல தொங்குற சாமானும் சேர்த்து. சுரண்டி, பிரஷ், டப்பா எல்லாம் ஏழெட்டு கிலோ வரும். நீங்க இப்ப எவ்வளவு?”

“நூத்துப் பதினெட்டு.”

தொகாஷி பெல்ட்டைச் சுருட்டினாள். சுமிதா ஆற்றுப் பாலங்களுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. குள்ளமான உருவம், வெயிலில் காய்ந்த முகம். “செப்டம்பர்ல பெரிய பாலத்து வேலை ஆரம்பிக்குது. அதுக்குள்ள தொண்ணூத்திரண்டுக்கு வந்தா வாங்க. ஏணி ஏத்திப் பாக்குறேன்” என்றாள்.

பதினைந்து வயதில் சுமோ கூடத்தில் சேர்ந்தவன் கென்சாகு. முப்பத்திரண்டில் குடுமியை வெட்டிக்கொண்டு வெளியே வரும்போது நூற்றைம்பது கிலோ இருந்தான். மேல்வரிசை மல்லர்களுக்கு மட்டும்தான் சம்பளம்; அந்தத் தரத்தை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. வெளியே வந்த பிறகு, கூடத்தில் அவனுக்கு மூத்தவராக இருந்த ஒகிதாவின் சாங்கோ கடையில் காய் நறுக்கி, பானை கழுவிக்கொண்டிருந்தான். சாங்கோ என்பது மல்லர்கள் தின்று கொழுக்கும் அதே கறிக் குழம்புதான். விடியற்காலையில் கடைக்கு நடந்து வரும்போதெல்லாம் பாலத்தின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆட்களைப் பார்ப்பான். வாழ்நாள் முழுக்கத் தரையை விட்டு எழும்பாத உடம்பு அவனுடையது. ஒருநாள் சாலையைக் கடந்து போய், வேலை உண்டா என்று கேட்டே விட்டான்.

முதல் முப்பது கிலோ தானாகவே கரைந்திருந்தது. கூடத்துச் சாப்பாட்டை நிறுத்தியதற்கே உடம்பு அவ்வளவு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் முரண்டு பிடித்தது.

அவன் உழைக்காமல் இல்லை. ஆற்றங்கரையில் வேகநடை, சாயங்காலம் வட்டார நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம். அவன் மனைவி சனாயே ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டிருந்தாள். குளத்தை விட்டு ஏறியதும் அதைப் பார்ப்பான். அறுநூறு கலோரி எரிந்தது என்று காட்டும். நேரே கடைக்குப் போவான். ஒகிதா கரண்டியோடு காத்திருப்பார்.

“எவ்வளவுடா இன்னிக்கு?”

“அறுநூறு, அண்ணே.”

“அப்போ அறுநூறுக்குச் சாப்பிடு. உழைச்ச உடம்பைப் பட்டினி போடக்கூடாது. நாம எப்படி வளர்ந்தோம், மறந்துட்டியா?”

மறக்கவில்லை. கூடத்தில் வெறும் வயிற்றோடு விடியலிலிருந்து முட்டி மோதுவார்கள். பிறகு மலைபோலச் சோறு, அதன்மேல் தூக்கம். பதினேழு வருஷம் அப்படியே பழகிய உடம்பு. வியர்த்தால் சோறு வரும் என்று நம்பிக்கொண்டு வாய் திறந்து காத்திருந்தது. ஒரு கிண்ணம் குழம்பு, இரண்டு சோற்றுருண்டை, கொஞ்சம் வறுத்த பன்றிக்கறி. கடிகாரக் கணக்குக்குச் சரியாகத்தான் சாப்பிட்டான். ஜூன் மழைக்காலம் முழுவதும் எடைப்பொறி நூற்றுப் பதினாறை விட்டு அசையவில்லை.

“பொறி கெட்டுப்போச்சு போல” என்றான் ஒரு நாள் காலையில்.

சனாயே பல் தேய்த்துக்கொண்டே வந்து அவனைத் தள்ளிவிட்டு அதில் ஏறி நின்றாள். “எனக்குச் சரியாத்தான் காட்டுது” என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினாள். “கென், சுகாதார நிலையத்துல அந்தம்மா உனக்குச் சாப்பாட்டு அளவு எழுதினாங்களே, அப்ப என்ன கேட்டாங்க?”

“என்ன கேட்டாங்க?”

“தினமும் உடம்பை எவ்வளவு அசைக்கிறீங்கன்னு. நீ நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, தினம் நடக்குறேன், நீந்துறேன்னு சொன்னே. பக்கத்துலதானே நான் உக்காந்திருந்தேன். அதையெல்லாம் கணக்குல சேர்த்துத்தான் இவ்வளவு சாப்பிடலாம்னு சொன்னாங்க. அந்தச் சாப்பாட்டையும் வீட்ல சாப்பிடுறே. அப்புறம் அதே நீச்சலுக்கு ஒகிதா அண்ணன் கடையில இன்னொரு தடவை சாப்பிடுறே.”

கென்சாகு ஈரத்துண்டோடு நின்றான்.

“அதுவும் அந்தக் கடிகாரம் சொல்றது ஒரு உத்தேசம்தான்” என்றாள் அவள். “நீ தண்ணியில எவ்வளவு எரிக்கிறேன்னு அதுக்கு என்ன தெரியும்?”

அன்றோடு கடைச் சாப்பாட்டை நிறுத்தினான். அவன் அரைகுறையாக எதையும் செய்கிறவன் அல்ல. வீட்டில் எழுதிக் கொடுத்த அளவையும் பாதியாக்கினான். நீச்சலை இரண்டு மணி நேரமாக்கினான். எரித்ததில் ஒரு பருக்கைகூடத் திரும்ப உள்ளே போகக்கூடாது என்று முடிவு கட்டினான். நீந்திவிட்டு வந்து தண்ணீரையும் கசப்புத் தேநீரையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். எடை சரசரவென்று இறங்கியது. கன்னம் ஒட்டியது. ஆகஸ்ட் வெயிலில் கால் குளிர்கிறது என்று காலுறை போட்டுக்கொண்டான். கடையில் குழம்புப் பானையை இறக்கும்போது கை நடுங்கி, பாதிக் குழம்பு தரையில் கொட்டியது. ஒகிதா திட்ட வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

“சாப்பிடு, கென். கெஞ்சிக் கேக்குறேன்” என்றாள் சனாயே. “நான் நிறுத்தச் சொன்னது ரெண்டாவது சாப்பாட்டை. எல்லாத்தையும் இல்ல.”

“செப்டம்பர் வரைக்கும்தான்.”

செப்டம்பரில் மேஸ்திரியின் எடைப்பொறி தொண்ணூற்றிரண்டுக்கும் கீழே காட்டியது. தொகாஷி புருவத்தை உயர்த்தினாள். பெல்ட்டை மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்து, சாமான்களைத் தொங்கவிட்டு, பாலத்தூணோரம் நின்ற ஏணியைக் காட்டினாள். கென்சாகு ஏறினான். பாதி ஏணியில் தொடை நடுங்கத் தொடங்கியது. மேலே போய் பெல்ட்டின் கொக்கியைப் பாலத்து இரும்பில் மாட்டக் கையைத் தூக்கினான். விரல்கள் மூடவில்லை. கண் முன்னே ஆறு வெள்ளையாகிப் பிறகு கறுத்தது. அவன் பெல்ட்டில் கட்டிய காப்புக் கயிற்றைக் கீழே பிடித்திருந்தவர்கள் சத்தம் போட்டது மட்டும் தூரத்தில் கேட்டது.

இரண்டு பேர் ஏறி அவனைப் பிடித்து இறக்கினார்கள். தொகாஷி அவன் எதிரே குந்தி உட்கார்ந்தாள். மரியாதையெல்லாம் போயிருந்தது.

“கடைசியா எப்ப சாப்பிட்டே?”

“நேத்து மத்தியானம்.”

“என் ஆளுங்க தலைக்கு மேல நீ மயங்கி விழுந்தா? இளைச்ச ஆள்னு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நான் என்ன செய்ய? மேல ஏறினா நிக்கணும். கை பிடிக்கணும்.” எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “பிப்ரவரியில அக்கரை வேலை தொடங்குது. அப்பவும் இப்படித்தான் வருவேன்னா வராதே.”

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்து, முட்டை உடைத்து ஊற்றிய ஒரு கிண்ணம் சாப்பிட்டான். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தான். இன்னொன்று கேட்கலாமா என்று வயிறு துடித்தது. காசு கொடுத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்து அம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அவள் சாப்பாட்டு அளவைத் திருத்தினாள். “நடைக்குத் தனியா எதுவும் வேண்டாம். நிறைய நேரம் நீந்துற நாள்ல கடிகாரம் காட்டுறதுல பாதிக்கும் கீழ சாப்பிடுங்க. முட்டை, டோஃபு, மீன் மாதிரி. எடையை மட்டும் பாக்காதீங்க. உங்களுக்கு எவ்வளவு தெம்பு இருக்குன்னும் பாருங்க” என்றாள்.

தெம்பைப் பார்க்க அவனிடம் ஒரு வழி இருந்தது. கடையின் பெரிய குழம்புப் பானை. தினமும் சாயங்காலம் அடுப்பிலிருந்து அதை இறக்குவான். கை நடுங்கினால் அன்று கூடுதலாக ஒரு முட்டை. நடுங்காவிட்டால் அளவுச் சாப்பாடு மட்டும். முதல் மாதத்தில் எடை இரண்டு கிலோ ஏறியது. சனாயே பொறியைத் துணி போட்டு மூடி வைத்தாள். அவன் துணியை எடுத்துப் பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டான், முட்டையைச் சாப்பிட்டான்.

கஷ்டம் ஒகிதாவிடம்தான் வந்தது. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தார். கென்சாகு பாதி சாப்பிட்டுவிட்டுத் தள்ளினான்.

“என்னடா இது?”

“போதும், அண்ணே.”

“நீந்திட்டுத்தானே வந்தே?”

“அதனாலதான் பாதி. இல்லன்னா இதுவும் கிடையாது.”

“கூடத்துல இருந்தப்பலேருந்து என் கையால சாப்பிட்டவன். இப்ப எவளோ அளந்து குடுத்தாத்தான் இறங்குமோ?”

“அண்ணே, நீங்க போட்டதைத் தின்னுதான் ஆளானேன். இல்லேங்கல. ஆனா மிச்சத்தைத் தின்னா நான் பாலம் ஏற முடியாது. எனக்கு ஏறணும்.”

ஒகிதா கிண்ணத்தை எடுத்துப் போய் மிச்சத்தைக் கழிவு வாளியில் கவிழ்த்தார். ஒரு வாரம் பேசவில்லை. காய் கூடையைக்கூடக் காலால் தள்ளித்தான் கொடுத்தார். பிறகொரு சாயங்காலம் கென்சாகு தலை ஈரத்தோடு உள்ளே வந்தபோது, திரும்பிப் பார்க்காமலே, “நீச்சலா, வெறும் நடையா?” என்று கேட்டார்.

“நீச்சல்.”

கரண்டி ஒருமுறை பானைக்குள் போய் வந்தது. பாதிக் கிண்ணம். டோஃபுவும் மீனும்தான் மிதந்தன. “பிச்சைக்காரன் சாப்பாடு” என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

இலையுதிர்கால மழை போய்ப் பனி வந்தது. எடை வாரத்துக்குக் கொஞ்சம் இறங்கும், சில வாரம் நிற்கும். நின்ற வாரங்களில் பழைய வெறி தலைதூக்கும். இன்று ஒன்றும் வேண்டாம், ஒரே மூச்சாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்போதெல்லாம் ஏணியில் மூடாத விரல்களை நினைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். சனாயே பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரியில் சாமானோடு சேர்த்து எடை பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பது. தொகாஷி பொறியைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து, “அழுத்து” என்றாள். அழுத்தினான். “போதும், விரலை உடைச்சிராதே” என்று கையை உதறிக்கொண்டாள். “என்ன சாப்பிட்டே?”

“சோறு, பொரிச்ச மீன், முட்டை.”

“ஏறு.”

ஏணியின் இரும்பு, கையுறை வழியாகவே சுட்டது, அவ்வளவு குளிர். தொடை நடுங்கவில்லை. மேலே போய்க் கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான், பிடித்தது. உத்தரத்தின் அடியில் சாய்ந்து தொங்கி, சுரண்டியை எடுத்து வேலையைத் தொடங்கினான். துரு செதில் செதிலாக உதிர்ந்து ஆற்றை நோக்கி விரித்திருந்த வலையில் விழுந்தது. தோள் வலித்தது. வலித்த தோள் வேலை செய்துகொண்டே இருந்தது. கீழே ஒரு படகு போனது. அதிலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பக்கத்து உத்தரத்திலிருந்து தொகாஷி தன் சுரண்டியால் இரும்பைத் தட்டினாள்.

“அந்த மூலையை விட்டுட்டே.”

கென்சாகு பெல்ட்டின் இரண்டாவது கொக்கியை முன்னால் மாட்டி, முதலாவதைக் கழற்றி, மூலையை நோக்கி நகர்ந்தான்.