லோவெனா வாசித்த சனிக்கிழமை

ஹெஸ்டர், லோவெனா, ஜான்டி மூவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஹெஸ்டருக்கு நாட்டின் வடக்கே ஹாலிஃபாக்ஸ், மலைச்சரிவில் நெருக்கியடித்துக் கட்டிய கல்வீடு. ஜான்டி இன்னும் வடக்கே, சண்டர்லாந்துக்காரன். லோவெனாவுக்கு நாட்டின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் ஒரு சின்னக் கிராமம். பள்ளி இறுதித் தேர்வுக்கு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலக் கவிதைகளைப் படிக்கிறேன் என்று அந்தந்தப் பள்ளியில் கை தூக்கியது இவர்கள் மட்டும்தான். ஒரே ஒரு பிள்ளைக்காகத் தனியாக ஆசிரியர் போட முடியாது என்று மூன்று பள்ளிகளும் கைவிரித்துவிட, வியாழக்கிழமைதோறும் இணையத்தில் வகுப்பெடுக்க பார்ஜெட்டர் டீச்சர் வந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டீச்சர் இல்லாமல், மூவரும் தாங்களாகவே கூடிப் படிப்பார்கள்.

அந்தப் பருவத்தில் அவர்களுக்கு வாய்த்த கவிதை ஓர் ஆட்டைப் பற்றியது. ஒரு விதவை தன் ஆடு நலமாக இருக்க வேண்டும் என்று எவ்ரின் என்ற புனிதருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்கிறாள். மெழுகுவர்த்தியும் ஏற்றிவிடுகிறாள். ஆடு ஆற்றில் முழுகிச் செத்துப்போகிறது. அவள் விடுவதாக இல்லை. கோயிலிலிருந்து புனிதரின் மரச்சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போடுகிறாள். எழுதியவர் யாரென்று தெரியாது. லோவெனாவின் ஊர்க்கோயிலும் அந்த எவ்ரினுக்கு உரியதுதான், ஊர்ப்பெயரே செயின்ட் எவ்ரின். அதனால் அந்தக் கவிதை தன் சொந்தச் சொத்து என்பதுபோல அவள் பேசுவாள். ஜான்டி அதைச் சொல்லியே அவளைச் சீண்டுவான்.

இன்றைக்கு எழுதிவிட்டு வாயில் வராமல் விழுங்கிவிடும் எழுத்துகளை எல்லாம் அந்தக் காலத்தில் உச்சரித்தார்கள். அதை முறையாக வாசிக்கத் தெரிந்தவள் லோவெனா ஒருத்திதான். மற்ற இருவரும் அவள் வாயைப் பார்த்துப் பின்தொடர்வார்கள். கவிதையை மூவரும் பங்கு பிரித்து வாசித்துப் பதிவு செய்து திங்கட்கிழமைக்குள் டீச்சருக்கு அனுப்ப வேண்டும். விதவை ஹெஸ்டர். புனிதருக்காக வாதாடும் பாதிரியார் ஜான்டி. குடித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லும் நீதிபதி லோவெனா.

பிப்ரவரி மாதம். இரண்டு நாள் அடித்த புயல் வெள்ளிக்கிழமைதான் ஓய்ந்திருந்தது. ஹெஸ்டர் சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்து, ஆரஞ்சு மார்மலேட் தடவிய ரொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்கினாள். திரையில் லோவெனா கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்காய எரியும் இரும்புக் கரியடுப்பு.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. நீதிபதி வந்ததும் லோவெனாவின் குரல் குழைந்தது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒரு வரியை இரண்டு முறை சொன்னாள். நீதிபதி குடிகாரன்தானே, அற்புதமாக நடிக்கிறாள் என்று ஹெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜான்டி மேஜையைத் தட்டிச் சிரித்தான். லோவெனாவும் லேசாகச் சிரித்தாள். மூன்றாம் முறையும் அதே வரி வந்தது.

பிறகு அவள் தாளைத் திருப்பப் போனாள். விரல் தாளில் படவில்லை. தாளுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மேஜையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டரின் சிரிப்பு நின்றது. லோவெனாவின் கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அடுப்புக் கதவின் கண்ணாடி கரி பிடித்து மங்கிக் கிடந்தது. ஹெஸ்டரின் அப்பா வீடு வீடாகப் போய் வெந்நீர் பாய்லர் பழுது பார்க்கிறவர். தன் வேலையில் பார்த்த ஒன்றை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீட்டில் சொல்லியிருக்கிறார். ஒரு கிழவரும் கிழவியும், முன்னால் தேநீர்க் கோப்பையோடு, முகம் சிவக்க, உட்கார்ந்தபடியே செத்திருந்தார்கள் என்று.

"லோ, அந்த அடுப்பு எப்போலேர்ந்து எரியுது?"

"காலைலேர்ந்து... குளிருதே," என்றாள் லோவெனா. கண் பாதி மூடியிருந்தது. "ஜன்னலெல்லாம் சாத்திட்டேன்."

"அம்மா எங்க?"

"மேல. தூங்குறாங்க. ராத்திரி டியூட்டி."

லோவெனாவின் அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள் என்று ஹெஸ்டருக்குத் தெரியும். அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள். எழுந்திரு, கதவைத் திற, வெளியே போ, அடுப்பிலிருந்து விஷவாயு வருகிறது என்று சொன்னாள். லோவெனா அதைக் கேட்டு, யோசித்து, கொஞ்ச நேரம் தூங்கிவிட்டுப் போகிறேன் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

ஹெஸ்டர் கைப்பேசியில் அவசர எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண்ணுக்கு நிதானமான குரல். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, முகவரி சொல்லும்மா என்றாள். ஹெஸ்டர் தன் வீட்டு முகவரியைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். ஆறு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்துப் பேசிய பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டு அடுப்பு தெரியும், சுவரில் மாட்டிய நாட்காட்டி தெரியும், லோவெனா நகம் கடிப்பது தெரியும்.

"செயின்ட் எவ்ரின். கார்ன்வால். ஊர் பேர் அதுதான், எனக்கு நிச்சயமாத் தெரியும். வீட்டு நம்பர் தெரியாது. ட்ரெகியர்னு குடும்பப் பேர்."

"பரவால்லம்மா. வீட்டப் பத்தி வேற என்ன தெரியும்? எதுவா இருந்தாலும் சொல்லு."

மழைக்காலத்தில் ஓடை ரோட்டின் மேல் ஏறிவிடும், பள்ளிக்குப் போக முடியாது என்று லோவெனா பெருமையாகச் சொன்னதுண்டு. ரோடு தங்கள் வீட்டோடு முடிந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறாள். ஹெஸ்டர் அதைச் சொன்னாள். மேலே ஒருவர் தூங்குகிறார் என்றும் இரண்டு முறை சொன்னாள். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

இதற்கிடையில் திரையில் ஜான்டி பேசிக்கொண்டே இருந்தான். கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். லோவெனாவின் தலை மார்பில் கவிழ்ந்தது. அப்போது அவன் குரல் மாறியது.

"ஏய் ட்ரெகியர், நீ வாசிச்சது அத்தனையும் தப்பு. கேட்டியா? அத்தனையும். பெரிய பண்டிதைன்னு நெனப்பு. எழுந்து நிக்கக்கூட வக்கில்ல."

அவள் தலையைத் தூக்கினாள். "வாய மூடு, ஜான்டி," என்றாள்.

"முடியாது. கதவைத் திறந்து காட்டு, அப்புறம் மூடறேன்."

லோவெனா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓரடி வைத்தாள். திரையின் ஓரத்தில் அவள் தோள் மட்டும் தெரிந்து மறைந்தது. தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எதுவோ தரையில் உராயும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

நாற்காலியும் அடுப்பும் மட்டும் திரையில் இருந்தன. ஜான்டி லோவெனா, லோவெனா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இதற்குமுன் அவன் அவளை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. கைப்பேசியிலிருந்த பெண், வண்டி கிளம்பிவிட்டது, நீ லைனிலேயே இரு என்றாள். ஹெஸ்டருக்கு அழுகை வரவில்லை.  மேஜையின் மரவரிகளை எண்ண ஆரம்பித்துவிட்டோம் என்று தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. முகமூடி அணிந்த தீயணைப்புக்காரர் ஒருவர் திரைக்குள் வந்து அடுப்பைப் பார்த்தார். இன்னொருவர் மாடிப்படியில் ஓடும் சத்தம். முதலாமவர் திரையில் இரண்டு முகங்கள் இருப்பதைக் கண்டு குனிந்தார். முகமூடிக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"போன் பண்ணது யாரு?"

"நான்," என்றாள் ஹெஸ்டர்.

"எங்கேர்ந்து?"

"ஹாலிஃபாக்ஸ்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். உயிரோடு இருக்கிறாளா என்று ஹெஸ்டர் கேட்பதற்குள் கணினியை மூடிவிட்டார். அந்தக் கட்டம் கறுப்பானது.

மதியம் அப்பா வீடு திரும்பியபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். நடந்ததை ஏதோ செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். அவர் மேலங்கியைக் கழற்றாமலே எதிரே உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தார். 

மாலை ஐந்து மணிக்குத்தான் பார்ஜெட்டர் டீச்சர் பேசினார். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். அம்மா நிலைமைதான் மோசம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புயலில் புகைபோக்கியின் உச்சி உடைந்து உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டது. எச்சரிக்கைக் கருவி சுவரில் இருந்தது, அதில் பேட்டரி இல்லை. தீயணைப்பு வீரர்களில் ஒருவர் அவசரத்துக்கு மட்டும் அந்த வேலைக்கு வரும் அதே ஊர்க் கசாப்புக் கடைக்காரர், ரோடு முடியும் இடத்தில் வீடு என்றதும் நேரே வந்துவிட்டார். லோவெனா தவழ்ந்துபோய்க் கதவை ஒரு கை அகலம் திறந்து, வாசற்படியில் முகம் வைத்துக் கிடந்தாளாம். ஜான்டிக்கு இதை ஹெஸ்டர் எழுதி அனுப்பினாள். பதிலுக்கு அவன், அவ எப்பவும் நான் முடியாதுன்னு சொல்றதத்தானே செய்வா என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறந்த பிறகுதான் பதிவை நிறுத்தவே இல்லை என்பது ஹெஸ்டருக்குத் தெரிந்தது. எல்லாம் அதில் இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். இருபத்துமூன்றாம் நிமிஷத்தில், நீதிபதி வருவதற்கு முன்னால், லோவெனாவின் குரல்: "தலை ரொம்ப வலிக்குது. இன்னைக்கு நிறுத்திக்கலாமா?" உடனே ஹெஸ்டரின் குரல், உற்சாகமாக: "நீதிபதி பகுதி மட்டும், லோ. அப்புறம் போய்ப் படுத்துக்கோ." அதற்குப் பிறகு ஹெஸ்டரின் சிரிப்பு. நீளமான சிரிப்பு.

அப்படிச் சொன்னது அவள் நினைவிலேயே இல்லை. மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டாள். தன் குரல்தான். ஜான்டியிடம் சொன்னாள். அவன் அழித்துவிடு என்றான், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றான். அவள் அழிக்கவில்லை.

வாரம் முடிந்து லோவெனா தன் சித்தி வீட்டிலிருந்து கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது. ஹெஸ்டர் நலம் விசாரிக்கவில்லை, முதல் வாக்கியமாகவே அதைச் சொல்லிவிட்டாள்: தலைவலி என்று நீ சொன்னாய், நான் உன்னை விடவில்லை.



"எனக்கும் அது ஞாபகம் இருக்கு," என்றாள் லோவெனா. "எதுக்கு நிறுத்தலாமான்னு கேட்டேன் தெரியுமா? அடுப்புப் பக்கத்துல சோபா இருக்கு. அதுல போய்ப் படுத்துக்கலாம்னு. நீ சரின்னு சொல்லியிருந்தா கணினிய மூடிட்டுப் படுத்திருப்பேன், ஹெஸ். அம்மா மேல, நான் கீழ. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

 ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல்தான், ஆனால் ஆறுதலாக இல்லை. அந்தச் சோபா ஹெஸ்டரின் கண்முன் வந்து நின்றது. தான் நல்ல பிள்ளையாக, சரி லோ, போய் ஓய்வெடு என்று சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு கணம் அதன் பக்கத்தில் நின்றது. சொல்லாமல் போனதற்குக் காரணம் அன்பல்ல. மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய அவளுக்குச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். இதையும் லோவெனாவிடம் சொன்னாள்.

"தெரியும்டீ," என்றாள் லோவெனா. "அம்மா பேசணுங்கறாங்க. நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டாங்க."

ஹெஸ்டர் கேட்டிராத குரல் ஒன்று வந்தது, கரகரப்பாக, அவசரமில்லாமல்.

"சனிக்கிழமைல மேல படுத்திருக்கும்போது கீழ நீங்க சிரிக்கிற சத்தம் கேக்கும் கண்ணு. எரிச்சலா வரும். தூங்க விடுதுங்களா பாருன்னு இருக்கும்." அவள் இருமினாள். "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இந்த ஒரு வாரமா யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. நீ சாப்பிட்டியா?"

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது, நிறுத்த முடியாமல், தோள் குலுங்க. அப்பா வந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, புகைபோக்கிக்கு மேலே வலை போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். அவர் அதற்கு விளக்கமாகப் பதில் சொன்னார். இருவரும் வெகு நேரம் புகைக்குழாய், மூடி, செங்கல் என்று பேசிக்கொண்டே போனார்கள். ஹெஸ்டர் மாடிப்படியில் உட்கார்ந்து, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அதைக் கேட்டபடி இருந்தாள்.