நொச்சிமேட்டுப் பாலத்தில் தூண் நீக்கப்பட்ட வரலாறு

நெய்வேலியிலிருந்து நொச்சிமேட்டுக்குப் போகும் பாலத்துக்குத் தூண் கிடையாது. இரு கரைகளிலும் அது எதன்மேலும் அமர்ந்திருக்கவும் இல்லை. பாலத்தின் முனைக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அதன்மேல் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள், வண்டி ஏறும்போது டடக் என்று சத்தம் வரும். கீழே சுரங்கத் தண்ணீர் ஓடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், கோடையில் இறங்கும், பாலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பண்ருட்டிக்குப் போகும் பலாப்பழ லோடும் முந்திரி லோடும் அதன் வழியாகத்தான் போகின்றன. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள்.

கால்வாய் வருவதற்கு முன்பு நொச்சிமேடு ஒரே ஊராக இருந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் கிடக்கும் தண்ணீரை ஓயாமல் இறைத்து வெளியே விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அப்படி இறைத்த தண்ணீருக்கு வெட்டிய கால்வாய் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போனது. வீடுகள் ஒரு கரையில் நின்றுவிட்டன. பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, சுடுகாடு மூன்றும் மறுகரைக்குப் போய்விட்டன. சுற்றுவழியில் போனால் ஒரு காலைப்பொழுது கழிந்துவிடும். கால்வாயின் குறுக்கே ஒரு பெரிய தண்ணீர்க் குழாய் போனது. ஊர் அதன்மேல் நடந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளியான மணிமாறன் ஒரு மார்கழிக் காலையில் முதல் ஷிஃப்டுக்கு அந்தக் குழாய்மேல் போகும்போது, பனியில் நனைந்த இரும்பில் கால் வழுக்கி விழுந்தான். மதகில் கிடைத்தான். அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டும் ஊர் அதே குழாயைக் கடந்துதான் போனது. அவன் மனைவி செந்தாமரை சுரங்க ஊழியர் குடியிருப்பான டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தோட்ட வேலை செய்பவள். மகள் தமிழ்நிலா வடலூரில் நர்சிங் படித்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவளும் தினம் அப்பன் விழுந்த குழாய்மேல்தான் நடந்தாள். பாலம் வேண்டும் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள், ஆனால் செந்தாமரை கேட்டது பாலத்தை அல்ல, மகள் தண்ணீருக்கு மேலே போய்த் திரும்பி வருவதை.

நாலுவழிச் சாலை வந்தபோது, அதோடு சேர்த்து நொச்சிமேட்டுக்கு ஒரு பாலமும் வரைபடத்தில் ஏறியது. பிறகு மண்ணைச் சோதித்தார்கள். தூணுக்குத் துளை போட்டால் கீழே அழுத்தத்தில் கிடக்கும் தண்ணீர் துளை வழியாக மேலே வரும், அதை அடக்கித் தூண் நிறுத்தும் செலவில் பாலத்தை இரண்டு தடவை கட்டலாம் என்று தெரிந்தது. திட்ட அலுவலகத்தில் பாலத்தைக் கைவிடுவதாக ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஆனால் பெரிய திட்டங்களில் எதையாவது வெட்டுவதற்கு முன் மதிப்புப் பொறியியல் ஆய்வு நடத்த வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, திட்டத்தின் ஒவ்வொரு உறுப்பும் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை இதைவிடச் சிக்கனமாக வேறு எது செய்யும் என்று கேட்பதுதான் அந்த ஆய்வு. பொருளைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பது அதன் வேதம். அதை நடத்திக்கொடுக்கப் பண்ருட்டியிலிருந்து சாகுல் ஹமீது வந்தார். பாலங்கள் கட்டி ஓய்வுபெற்றவர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர். திட்ட அலுவலகத்தின் பொறியாளர் ஜெயப்பிரகாஷ் அவருக்கு உதவி. பாலத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் விதி. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கைத் திருப்பித் தராத ஒரே ஆள் என்பதால் ஊர் செந்தாமரையை அனுப்பியது.

டவுன்ஷிப்பில் ஒரு ஏசி ஹாலில் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு உறுப்பின் வேலையையும் இரண்டே சொல்லில் சொல்ல வேண்டும். கைப்பிடிச் சுவர்: விழாமல் தடு. விளக்கு: இருட்டைப் போக்கு. தூண்: சுமை தாங்கு. பாலம் என்ன செய்கிறது என்று கேட்டபோது பொறியாளர்கள் நெடுநேரம் விவாதித்தார்கள். ஊர்களை இணை என்றார் ஒருவர், போக்குவரத்தை நடத்து என்றார் இன்னொருவர். கடைசியில் செந்தாமரை சொன்ன ஆளைக் கடத்து என்பதையே எழுதிக்கொண்டார்கள், அதற்குள் டீ வந்துவிட்டதால். அடுத்தது யோசனைக் கட்டம். இந்தக் கட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் பலகையில் எழுத வேண்டும். முடியாது என்றோ நிற்காது என்றோ ஒருவரும் சொல்லக் கூடாது. சொன்னால் நல்ல யோசனை வெட்கப்பட்டு உள்ளேயே இருந்துவிடும் என்று சாகுல் ஹமீது விளக்கினார். கட்டம் முடிந்ததும் நடத்துபவர் எழுந்து நின்று முடிந்தது என்று அறிவிப்பார், அதன் பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். படகு விடலாம், கயிற்றில் பெட்டி விடலாம், ஊரையே மறுகரைக்கு மாற்றலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. ஊரை மாற்றும் யோசனை எழுதப்பட்டபோது செந்தாமரை எழுந்துவிட்டாள்.

"காலையிலருந்து தூணுதான் செலவு, தூணுதான் செலவுன்னு சொல்லிக்கினு இருக்கறீங்க. அப்ப தூணு இல்லாம போடுங்க. எம்பொண்ணு தூணு மேலயா நடக்கப் போறா?"

அவள் அதைச் சண்டைக்குத்தான் சொன்னாள். ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தார். சாகுல் ஹமீது விரலை உயர்த்தினார். ஜெயப்பிரகாஷ் வாயை மூடிக்கொண்டு, பலகையில் தூண் இல்லாத பாலம் என்று தன் கையாலேயே எழுதினார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாகுல் ஹமீது ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். கட்டம் முடிந்ததை ஜெயப்பிரகாஷ் அறிவித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போனார். பெரியவர் வந்து அறிவிப்பார் என்று நினைத்துக்கொண்டு ஜெயப்பிரகாஷ் மற்றவர்களைச் சாப்பிட அழைத்துப் போனார். திரும்பி வந்ததும் நேராக மதிப்பெண் போடும் வேலையைத் தொடங்கினார்கள். யோசனைக் கட்டம் முடிந்தது என்று அன்றும் ஒருவரும் அறிவிக்கவில்லை, இன்றுவரையும் அறிவிக்கவில்லை. செலவு, கட்டும் காலம், நீரோட்டத்துக்குத் தடை, நிலம் எடுப்பு, பராமரிப்பு என்று மதிப்பெண் போட்டார்கள். தூண் இல்லாத பாலம் எல்லாவற்றிலும் முதலில் வந்தது. நிற்குமா என்பதற்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை, ஏனென்றால் பொறியாளர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது நிற்கும் பாலங்களைத்தான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் இதை அடுத்த கட்டத்தில் வேறு யாராவது சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தது ஹாலில் ஏசி சத்தத்துக்கு மேல் கேட்டது.

அடுத்த கட்டத்தில் வடிவமைப்பாளர்கள் தங்களிடம் வந்த யோசனையை அப்படியே வரைந்தார்கள். சரிபார்ப்பவர் தூண்களின் கணக்கைச் சரிபார்த்தார். தூணே இல்லாததால் தூணில் பிழை எதுவும் அகப்படவில்லை. ஒப்பந்தக்காரர் பாலத்தின் நீண்ட காங்கிரீட் உத்திரங்களான கர்டர்களைக் கரையில் வைத்து வார்த்தார். முதல் கர்டரைத் தூக்கியவர் சுதாகர் என்ற கிரேன் ஓட்டுநர், டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். வரைபடத்தில் காட்டிய இடத்துக்கு நேராகக் கர்டரைப் பிடித்துக்கொண்டு, கீழே ஏதாவது வைப்பார்கள் என்று மதியம் முழுக்கக் காத்திருந்தார். ஒருவரும் எதையும் வைக்கவில்லை. அப்போது ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியது. அந்த ஊரில் சங்கு ஊதினால் கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மூன்று தலைமுறைப் பழக்கம். சுதாகர் கொக்கியைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு, டிவிஎஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கர்டர் அங்கேயே நின்றது. மறுநாள் வந்தவர்கள் அடுத்த கர்டரை அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

பாலம் திறந்த நாளில் மாலை போட்ட ஆடு ஒன்றை முதலில் அனுப்பினார்கள். ஆடு பாதி வழியில் நின்று மாலையைத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் செந்தாமரை மகளைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியாக நடந்தாள். நடுவில், கணவன் விழுந்த இடத்துக்கு நேராக நின்று குதித்துப் பார்த்தாள். திரும்பி வந்து, போ என்று மகளிடம் சொன்னாள். மினிபஸ் டிரைவர் கொஞ்ச காலம் பயணிகளை இறக்கி நடக்கவிட்டு, காலி வண்டியைப் பின்னால் ஓட்டி வந்தார். மழை பெய்த ஒரு நாளில் ஒருவரும் இறங்க மறுத்தார்கள், அதோடு அந்த வழக்கம் நின்றது. பாலத்தின் அடியில் தூண் இல்லாததால் மீன் பிடிப்பவர்களுக்கு வலை சிக்காமல் போனது. தூக்கணாங்குருவிகள் மட்டும் அதன் அடியில் கூடு கட்ட ஒரு வருடம் யோசித்தன.

யோசனைக் கட்டம் மூடப்படவில்லை என்பது ஜெயப்பிரகாஷுக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நினைவு வந்தது. பதறிப்போய்ப் பண்ருட்டிக்குச் சென்று, இப்போதாவது முறைப்படி அறிவித்துவிடலாமா என்று சாகுல் ஹமீதிடம் கேட்டார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம் தம்பி. தெறந்தே கெடக்கட்டும். மூடிட்டு நாம எங்க போயி முட்டுக்குடுக்கறது?" என்றார். செய்தி நொச்சிமேட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் அந்த ஊரில் முடியாது, நிற்காது என்ற இரண்டு சொற்களும் வழக்கொழிந்தன. நிலத்தை விலைக்குக் கேட்டு வந்த தரகர்களிடமும், பெண் கேட்டு வந்தவர்களிடமும், கட்சி நன்கொடைக்கு வந்தவர்களிடமும் பாக்கலாங்க என்றே சொன்னார்கள். தரகர்கள் நான்கைந்து முறை வந்துவிட்டு வருவதை விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வீட்டுப்பாடம் கேட்டாலும் பிள்ளைகள் பாக்கலாம் டீச்சர் என்றார்கள், அதற்கு மட்டும் அடி விழுந்தது. செந்தாமரை மகளிடம் பாலத்தின் மேல் நடக்கும்போது எதையும் பேசாமல் நடக்கும்படி சொல்லியிருந்தாள். தமிழ்நிலா படிப்பை முடிக்கும் வரை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, வாயை மூடிக்கொண்டு கால்வாயைக் கடந்தாள்.

தமிழ்நிலாவுக்குப் பண்ருட்டியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் வேலையில் சேரும் நாளில்தான் சென்னையிலிருந்து பேராசிரியர் அறிவழகன் வந்தார். மதிப்புப் பொறியியல் ஆய்வில் எடுத்த முடிவுகள் சில வருடம் கழித்து எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதும் விதியில் உண்டு. பேராசிரியர் நேர்மையானவர். காரை மறுகரையில் விட்டுவிட்டு நடந்து வந்து, ஊர்ப் பக்கக் கால்வாய்க்கரையில் மல்லாந்து படுத்துப் பாலத்தின் அடிவயிற்றைப் பார்த்தார். கருவிகளை வைத்துப் பார்த்தார். கருவிகளை எடுத்துவிட்டுக் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். அவர் முகம் வெளிறுவதைக் கண்ட ஜெயப்பிரகாஷ், என்ன கருத்தாக இருந்தாலும் சென்னைக்குப் போய்ச் சொல்லுங்கள், இங்கே மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை அவர்களிடமே சொல்வதுதான் முறை என்று பேராசிரியர் நினைத்தார். பாலத்தின் நடுவுக்கு வந்து இரு கரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"இந்தப் பாலம் நிற்காது."

அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு மினிபஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழ்நிலாவும், டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செந்தாமரையும் நடுப்பாலத்துக்கு வந்திருந்தார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மினிபஸ் டிரைவர் பாட்டை நிறுத்தினார். பாலம் இறங்கியது. சுமை தூக்குபவன் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொள்வதைப் போல, ஒரு விரல்கடை அளவுக்கு இறங்கி நின்றது. தமிழ்நிலா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். செந்தாமரை கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே தண்ணீரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்தான். அவள் கண்ணில் நீர் இருந்தது என்று டிரைவர் பிறகு சொன்னார், குரலில் இல்லை என்றும் சொன்னார்.

"நிக்காதுன்னு எனக்கு மொத நாள்லருந்தே தெரியுங்க. கொழா மேல மட்டும் வுழ மாட்டம்னு நம்பியா நடந்தம்? எங்க வூட்டுக்காரரு தெரிஞ்சிதான் நடந்தாரு. நாங்களும் தெரிஞ்சிதான் நடக்கறம். செத்த ஒதுங்கிக்கங்க, புள்ளைக்கி இன்னிக்கி மொத நாளு வேல, பஸ்ஸு வந்துரும்."

பேராசிரியர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றார். தாயும் மகளும் அவரைக் கடந்து போனார்கள். மினிபஸ் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு அவர் சட்டையில் உரசாமல் போனது. அதற்குப் பின்னால் பலாப்பழ லோடு ஒன்று போனது. பேராசிரியர் சற்று நேரம் காத்திருந்தார். கார் மறுகரையில் இருந்ததால், வேறு வழியில்லாமல் அவரும் நடந்து போனார். நடந்துகொண்டே செல்போனை எடுத்து யாரிடமோ, வந்துகொண்டிருக்கிறேன், சாப்பாடு எடுத்து வை என்று சொன்னார்.

பாலம் இறங்கியதால் இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டானது. அந்த மாதமே திட்ட அலுவலகம் ஆள் அனுப்பி அதில் தார் ஊற்றிச் சமன் செய்தது. யோசனைக் கட்டத்தை இனிமேலாவது மூடலாமா என்று ஜெயப்பிரகாஷ் ஒருவரிடமும் கேட்கவில்லை. நொச்சிமேட்டில் நிற்காது என்ற சொல் மெல்ல மெல்லப் புழக்கத்துக்குத் திரும்பி வந்தது. இப்போது அந்தப் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு, இந்த பஸ் இங்க நிக்காதுங்க, அந்தாண்ட போங்க என்று வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்கிறார்கள். தமிழ்நிலா அன்று பண்ருட்டி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். கூட்டம் அதிகம். ஜன்னலோரம் கிடைக்கவில்லை.