உண்ணாமலையின் மெட்டி விரல்

இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் தொட்டு உருவினால் எந்தச் சுளுக்கும் ஓடிப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாமகிரிப்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊரில் இரட்டை பெற்றவள் நான் ஒருத்திதான். கழுத்துப் பிடித்தவர், இடுப்புப் பிடித்தவர் எல்லாரும் "அத்தாயக்கா, கொஞ்சம் உருவி உடுங்க" என்று என் வாசலுக்குத்தான் வருவார்கள். எனக்கு அதில் தலைக்கனம் கிடையாது என்றால் அது பொய்.

பக்கத்து வீட்டு உண்ணாமலைக்குப் புருஷனைத் திட்டாமல் பொழுது விடியாது. ஆனால் மரியாதை மட்டும் குறையாது. "ஒழிஞ்சு போங்க! நீங்க ஒழிஞ்சாத்தானுங்க எனக்கு நிம்மதி!" என்று 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். அவள் புருஷன் கருப்பண்ணன் ஆறடி ஆள். எருமை மேல் மழை பெய்த மாதிரி கேட்டுக்கொண்டிருப்பான்.

அன்றைக்குக் களத்தில் காய்ந்த கம்பைக் காவல் காக்கச் சொன்னால், அவன் வேப்பமரத்தடியில் தூங்கிவிட்டான். ஆடுகள் வந்து பந்தி வைத்துச் சாப்பிட்டன. உண்ணாமலை அகப்பையோடு அவனைத் திட்ட ஓடினவள், வாசலில் கிடந்த உரலில் இடது காலை மோதிக்கொண்டாள். பெருவிரலுக்கு அடுத்த விரலில், மெட்டி போட்ட விரலில், நல்ல அடி.

"சுளுக்குத்தான்" என்று நான் ஒரே பார்வையில் சொல்லிவிட்டேன். நல்லெண்ணெயைச் சுடவைத்து மூன்று நாள் உருவினேன். அவள் கத்தினாள். "சுளுக்கு எறங்குறப்ப அப்படித்தான் இருக்கும்" என்று நான் இன்னும் அழுத்தி உருவினேன். நாலாம் நாள் விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்து, மெட்டியை விழுங்குகிற அளவுக்கு வீங்கியிருந்தது. நான் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

கருப்பண்ணன் மாட்டு வண்டியைப் பூட்டினான். நானும் கூட ஏறிக்கொண்டேன். நாமகிரிப்பேட்டையில் கம்பவுண்டர் சூசைமாணிக்கம் இருந்தார். சேலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து தனியாக வைத்தியம் செய்கிறவர்.

அவர் விரலை உருவவே இல்லை. நுனியை இரண்டு விரலால் பிடித்து, பாதத்தை நோக்கி நேராக லேசாகத் தள்ளினார். உண்ணாமலை போட்ட சத்தத்தில் வெளியே வண்டி மாடு மிரண்டது. பிறகு எலும்பின் மேல் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் மட்டும் அவள் துள்ளினாள். விரல் பக்கவாட்டில் கொஞ்சம் கோணியிருந்ததையும் காட்டினார்.

"இது சுளுக்கு இல்லம்மா, எலும்பு முறிஞ்சிருக்கு. யாரு இதப் போட்டு உருவினது?"

நான் கூரையில் எத்தனை ஓலை என்று எண்ண ஆரம்பித்தேன்.

அவர் நகத்தை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. "ரத்தம் ஓடல. மெட்டி இறுக்குது. முறிவு தானாக் கூடிடும், அது பெரிசில்ல. மெட்டிய இப்பவே வெட்டி எடுக்கலேன்னா, அப்புறம் விரலத்தான் எடுக்கணும்."

"மெட்டியிலே கைய வெக்காதீங்க சாமி!" உண்ணாமலை காலை இழுத்துக்கொண்டாள். "புருசன் இருக்கறப்ப மெட்டிய அறுக்கறதா? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? வெரலு போனாப் போகட்டுமுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டி, ஒரு நாளைக்கு நூறு தடவ அவனை ஒழிஞ்சு போகச் சொல்றவ நீதானே?"

"அது வாயிலே சொல்றது, அக்கா. இது வேற" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இவ்வளவு வலியிலும் அழாதவள்.

கருப்பண்ணன் அதுவரை கதவோரம் நின்றிருந்தான். அவனும் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். பிறகு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாறை மாதிரி வெடித்த தன் காலை நீட்டினான்.

"அறுத்து என் வெரல்ல போட்டு உடுங்க சாமி. எங்க பாட்டனெல்லாம் மெட்டி போட்டவருதான். ரெண்டு பேர்த்துல ஒருத்தர் கால்ல கெடந்தாச் சரிதானே புள்ள?"

உண்ணாமலை யோசித்தாள். "என் காலு நல்லாகற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க."

"கழட்டலே."

"சந்தைக்குப் போறப்பவும்."

அவன் தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "செரி."

கம்பவுண்டர் மெட்டிக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, குறட்டால் நறுக்கினார். நறுக்கின மெட்டியைக் கொஞ்சம் விரித்து, கருப்பண்ணன் கால்விரலில் மாட்டி அமுக்கினார். சற்று நேரத்தில் நகம் சிவந்தது. எனக்கு உயிர் வந்தது. முறிந்த விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பஞ்சு வைத்து, இரண்டையும் சேர்த்து, ரொம்ப இறுக்காமல் துணிநாடாவால் கட்டினார். படுக்கும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், எழுந்தால் கெட்டித்தோல் செருப்போடுதான் நடக்க வேண்டும், ஒரு மாசம் ஓட்டமும் வேலையும் கூடாது என்றார். "எண்ணெய் போட்டு உருவவே கூடாது" என்பதை மட்டும் என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

அந்த ஒரு மாசம் கருப்பண்ணன்தான் களி கிண்டினான். கட்டியில்லாத களியை அந்த வீடு மறந்தே போயிற்று. சந்தையில் அவன் காலைப் பார்த்தவர்கள், "மாப்பிள்ளை எந்த ஊருங்க?" என்று விசாரித்தார்கள். அவன் தலையைக் குனிந்து, கல்லில் மெட்டி இடிக்க இடிக்க நடந்தான். கழட்டவில்லை.

விரல் கூடியது. லேசான கோணல்தான் மிச்சம். ஆசாரி புது மெட்டி அடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்ட கையோடு, "போதுமுங்க, ஊரே சிரிக்குது, நீங்க கழட்டுங்க" என்றாள் உண்ணாமலை.

"கெடக்கட்டும் புள்ள. நீ பொழுதுக்கும் ஒழிஞ்சு போங்கன்னு சொல்றே. ஒரு காவல் இருந்தா நல்லதுதானே?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம்தான் ஒரு மாதிரி ஆயிற்று.

நான் இப்போதும் உருவிவிடுகிறேன். ஆனால் கால்விரல் என்று யார் வந்தாலும் முதலில் நுனியைப் பிடித்து நேராகத் தள்ளிப் பார்ப்பேன். கத்தினால் கம்பவுண்டரிடம்தான்.

போன வாரம் மறுபடியும் களத்தில் கம்பு காய்ந்தது, அவன் தூங்கினான், ஆடு வந்தது. உண்ணாமலை வாசலுக்கு வந்து உரலைச் சுற்றிப் பதமாக நடந்தாள்.

"ஒழி—" என்று ஆரம்பித்தாள்.

வேப்பமரத்தடியில் நீட்டிக் கிடந்த காலில் வெள்ளி மினுங்கியது. மீதியைக் கேட்க நான் வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"எந்திரிச்சு ஆட்டை ஓட்டுங்க" என்றாள்.