லொவைனாவின் மூன்றாவது சாவு

1

"அக்கா, இந்தத் தொடர்லயும் நான்தான் சாகணுமா?" என் தங்கை லொவைனா கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கதை பிறந்தது.

பாஸ்டன் வார இதழில் நான் எழுதுவதெல்லாம் அக்கா தங்கைகளின் கதை. ஒருத்தி துடுக்கு, ஒருத்தி அழகி, ஒருத்தி சாது. அந்தச் சாது, லொவைனாவைப் பார்த்து எழுதியவள், சாக வேண்டும். அப்போதுதான் துடுக்குக்காரிக்குப் புத்தி வரும், இதழாசிரியருக்குச் சிரிப்பு வரும். ஏற்கெனவே இரண்டு தொடர்களில் அவளைச் சாகடித்துவிட்டேன். இந்தத் தொடரில் அவள் பெயர் லோயிஸ். லோயிஸ் வேறு யாரோ என்று எங்கள் வெர்மான்ட் கிராமத்தில் யாரும் நம்புவதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: பனி பொழிந்த ஒரு மாலையில் மூன்று சகோதரிகளும் கணப்பருகே...

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது: சாவு அத்தியாயத்தைத் தபாலில் சேர்த்த மறுநாள் லொவைனா நுரையீரல் காய்ச்சலில் விழுந்தாள்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன். கட்டிலைச் சமையலறை அடுப்போரம் கொண்டுவந்து போட்டோம். அத்தியாயத்தை நிறுத்தச் சொல்லி எழுதினேன். அச்சேறிவிட்டது என்று பதில் வந்தது. நான் எழுதியதே பலித்து, இவளும்...

(இந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை, இன்றும் முடிக்கப் போவதில்லை.)

3

இதழ் ஊருக்கு வந்த அதே காலையில் காய்ச்சல் விட்டது. வியர்த்துக் கொட்டி, கண் திறந்து, பசிக்கிறது என்றாள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் முன்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மதியம் கதவு தட்டப்பட்டது. தேவாலய மூப்பரின் மனைவி ட்ரைஃபீனா, கறுப்பு உடுப்பில், கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு பெரிய இனிப்பு அப்பத்துடன். பின்னால் பீன்ஸ் பானைகளோடு பாதித் தெரு. துக்க வீட்டில் அடுப்பெரிய விடமாட்டார்கள் எங்கள் ஊரார். லொவைனா படுத்திருப்பது தெரியும், அத்தியாயத்தையும் படித்துவிட்டார்கள்; அவள் போய்விட்டாள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

"பாவம், கடைசியா உன் பேரைத்தான் சொன்னாளாமே," என்று ட்ரைஃபீனா என் கையைப் பிடித்தாள். அது நான் எழுதிய வரி.

"அந்த அப்பத்துல ஆப்பிளா, பூசணியா?" என்று குரல் வந்தது கட்டிலிலிருந்து.

ட்ரைஃபீனா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் கோபம் வந்தது.

"சாவு வீடுதானேன்னு லவங்கப்பட்டையைக் கம்மியா போட்டுட்டேன்டி. முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

நான் அழுதேன். சிரித்தேன் என்று எழுதினால் இன்னும் அழகாக இருக்கும்.

4

அச்சில் செத்தவளை எழுப்ப, முடிவு ஒன்று: லோயிஸ் செத்தது கனவு. (வெட்கக்கேடு.)

முடிவு இரண்டு: மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டார். (புதைத்தே விட்டேனே.)

"மூணாவதா நான் ஒண்ணு சொல்றேன்," என்கிறாள் லொவைனா, வாய் நிறைய அப்பத்தைத் தின்றுகொண்டு. "துடுக்குக்காரிக்கு இனிமே தானா புத்தி வரட்டும்."

அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கம் காலியாகக் கிடக்கிறது. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், யாரையும் கொல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலையிருக்கிறது. இவள் இன்னொரு துண்டு கேட்கிறாள்.