வெளிப்பக்கம் ஓடியவர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அக்கா மொக்கம்மாள் எழுதச் சொன்னது. போன மாதம் பண்ணைப்புரத்துக்குப் போயிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னென்னமோ எழுதிப் புஸ்தகத்துல போடுறியே, உங்க மச்சான் ஓடுனத எழுதுனியா?"

"எழுதலக்கா."

"வர்ற தையோட அவுக போயி ஒரு வருசம். அன்னைக்கு எல்லாரும் வருவாக. வாசிக்கிறதுக்கு ஏத்த மாதிரி எழுதிக் கொண்டா."

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். கொஞ்ச தூரமாவது நம்பிக்கொண்டு வாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "1969ஆம் வருடம், ஆறு நாட்டு ராணுவ வீரர்கள் கூடிய அந்தத் தடகள மைதானத்தின் மேல் வானம் தெளிந்து —"

அடித்துவிட்டேன். வானம் தெளிந்திருந்ததா இல்லையா என்று எனக்கென்ன தெரியும்? அன்றைக்கு நான் பி.யூ.சி.யில் இரண்டாம் முறையும் தவறிவிட்டு, அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். (போட்டி நடந்த ஊர் எதுவென்றுகூடத் தெரியாது. பட்டாளத்தில் இருக்கும் இடத்தை எழுதக்கூடாது என்று மச்சான் கடிதத்தில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டார். பேப்பரில்கூட வந்திருக்கக்கூடிய ஊரை ரகசியமாகக் காத்தவர் அவர் ஒருவர்தான்.)

இரண்டாவது தொடக்கம்: "பட்டாளத்து நாயக் ஒச்சாண்டி பிறவி ஓட்டக்காரர். சிறு வயதிலேயே —"

இதுவும் சரியில்லை. என் மச்சானுக்கு ஓட்டம் பழக்கியவை இரண்டு காளைகள். அவருடைய அப்பா அம்மாவாசி இந்தப் பக்கத்தில் பேர்போன பந்தய வண்டிக்காரர். கம்பத்திலிருந்து போடி வரை எங்கே வண்டிப் பந்தயம் நடந்தாலும் அவர் வண்டி நிற்கும். வண்டியை ஓட்டுகிறவர் சாரதி. கூடவே இன்னொருவன் உண்டு, துணைச்சாரதி. வண்டி வேகமெடுக்க வேண்டிய இடத்தில் அவன் கீழே குதித்து, மாட்டுக்குச் சமமாக ஓடிக்கொண்டே அதை அதட்டி விரட்டுவான். ஒச்சாண்டி மச்சான் பதினாறு வயதிலிருந்து அப்பாவுக்குத் துணைச்சாரதி.

துணைச்சாரதிக்கு ஒரு முறை இருக்கிறது. மாட்டுக்கு வெளிப்பக்கமாகத்தான் ஓட வேண்டும், மாடு தடம் விலகாமல் அணைத்துக்கொண்டு. உள்ளே வரக்கூடாது. மாட்டை முந்தவும் கூடாது. குறுக்கே விழுந்தால் சக்கரம் ஏறிவிடும். இந்த ஒரு தகவலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

3

அம்மாவாசியை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் படியில் அவரைக் கொடுமைக்காரராக எழுதிவிட்டேன். மீசையெல்லாம் வைத்தேன். உண்மையில் அவருக்கு மீசை சரியாக முளைக்கவே முளைக்காது. அவர் கெட்டவர் இல்லை. மகன் பட்டாளத்துக்குப் போனதில் வண்டிக்கு ஆளில்லாமல் போன கோபம், அவ்வளவுதான். காளைகளை விற்ற அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

மச்சான் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நம் ராணுவத்துக்காகப் பல நாட்டு ராணுவத்தாரோடு ஓடப்போகிறார் என்று சேதி வந்தது. அம்மாவாசி சிரித்தார்.

"மாட்டுக்குப் பக்கத்துல ஓடுனவன். மனுசன முந்தி ஓட அவனுக்கு எங்கன தெரியும்?"

அக்கா அப்போது சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி ஏழு வருடம், மாமனார் முன்னால் நின்றுகூடப் பேசாதவள்.

"மாமா, அவுக பரிசோடதான் வருவாக. பரிசு இல்லாம வந்தா நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு கோம்பைக்கு எங்க வீட்டுக்குப் போயிருறேன். பெறகு இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னால் செய்வாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இந்தக் கோளாறு உண்டு, என்னைத் தவிர. அன்று மாலைக்குள் தெரு முழுக்க இந்தப் பேச்சு பரவிவிட்டது. இனி அவள் நினைத்தாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

4

ராணுவ முத்திரை குத்திய அந்த இன்லண்டு லெட்டர் ஒரு வியாழக்கிழமை வந்தது. அக்காவுக்கும் மாமனாருக்கும் வாசிக்கத் தெரியாது. அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டதற்கு அதுதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம். அம்மாவாசி கயிற்றுக் கட்டிலில். அக்கா தூணருகில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் முதலில் மனசுக்குள் வாசித்தேன். அன்றைக்கு வாசித்ததோடு சரி, ஆனால் இன்றைக்கும் மறக்கவில்லை:

"இருபத்தைந்து சுற்று. பாதிக்கு மேல் என் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பட்டாளத்தான் ஓடினான். உயரமான ஆள். காளை மாதிரி மூச்சு விட்டான். அந்த மூச்சைக் கேட்டதும் அப்பா வண்டி ஞாபகம் வந்துவிட்டது. அவனுக்கு வெளிப்பக்கமாகவே ஓடினேன். பழக்கிய உஸ்தாத், உள்ளே வா, உள்ளே வா என்று கத்தினாராம். எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சாண் வித்தியாசம். அவன் மூன்றாவது, நான் நாலாவது. அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாப்பிள்ளை, மொக்கம்மாளிடம் பார்த்துச் சொல்."

நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் காலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னலே, வாசி."

வாசித்தேன். மூச்சு, காளை, உஸ்தாத் எல்லாம் அப்படியே. ஒரு சாணையும் விடவில்லை. கடைசியில் மட்டும், "நான் மூன்றாவது, அவன் நாலாவது" என்றேன்.

என் எழுத்தில் அதைவிடச் சின்ன திருத்தம் எதுவும் நான் செய்ததில்லை. அதைவிடப் பெரியதும் இல்லை.

(பின்னாளில் ஒரு டிரில் மாஸ்டரிடம் கேட்டேன். வளைவில் வெளிப்பக்கமாகவே ஓடினால் சுற்றுக்கு ஆறேழு மீட்டர் கூடுமாம். அப்படிப் பார்த்தால் மச்சான் அந்த ஆளைவிட ரொம்ப தூரம் அதிகம் ஓடியிருக்கிறார். ஆகவே நான் சொன்னது முழுப் பொய்யாகாது என்று — இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். சமாதானம் சொல்லவா கதை எழுதுகிறோம்?)

5

அம்மாவாசி எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கொட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இருபது நாள் கழித்து, கோம்பை வழியாக வந்த பஸ்ஸில் மச்சான் இறங்கினார். கையில் டிரங்குப் பெட்டி. எதிரே கொட்டு, மாலை, அரை ஊர். அவர் பின்னால் திரும்பி, பஸ்ஸிலிருந்து வேறு யாராவது பெரிய ஆள் இறங்குகிறார்களா என்று பார்த்தார்.

அம்மாவாசிதான் மாலை போட்டார். "மூணாவதா வந்தியாமே. மெடல எங்கப்பா? எடு, எல்லாரும் பாக்கட்டும்."

மச்சான் அக்காவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார்.

"மெடல் பட்டாளத்துல இருக்குப்பா. ரெஜிமென்ட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிட்டாக. வீட்டுக்குத் தர மாட்டாக. அதான் அங்கன முறை."

கொட்டு மறுபடி முழங்கியது. அன்றைக்கு அக்கா நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

6

இதற்கு வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மச்சான் உண்மையைச் சொல்கிறார், அக்கா பிள்ளையோடு அதே பஸ்ஸில் ஏறுகிறாள். இன்னொன்றில் அம்மாவாசிக்கு எல்லாம் தெரியும் — வேண்டாம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மகன் மூன்றாவதாக வந்தான் என்ற நம்பிக்கையோடுதான் கண்ணை மூடினார்.

மச்சான் என்னைத் திட்டுவார் என்று இரண்டு வருடம் பயந்து திரிந்தேன். லீவில் வந்தவர், வீரபாண்டித் திருவிழாவுக்கு வண்டிப் பந்தயம் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். வண்டிகள் தூசி கிளப்பிப் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஏன் மாப்ள, இருபத்தஞ்சு சுத்து ஓடி என்னால முந்த முடியாத ஆள, நீ வீட்டுல உக்காந்தே முந்திட்டியே."

பிறகு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிப் பேசியது. இதை எழுதும்போது எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

7

இனி அக்காவின் நிபந்தனை.

"எழுதிக் கொண்டா. ஆனா நீ வாசிக்காத. வேற ஆளு வாசிக்கட்டும்."

"ஏங்க்கா?"

"சும்மாதான்."

அந்தக் கடிதம் பதினெட்டு வருடமாக அவளுடைய பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. இதற்குள் அவள் பிள்ளையே காலேஜ் முடித்துவிட்டான். ஒருவரிடமும் அதை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. ஏன் என்று நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவளைப் பற்றி நானாக எழுதியது போதும்.

ஆகவே தையில் அந்த வீட்டு வாசலில் நீங்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள். நாலு, ஆறு, ஏழு, இந்த மூன்று பகுதிகளையும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்றிலிருந்து ஐந்துக்குப் போய், அதோடு முடித்துவிடுங்கள். கதை கொஞ்சம் இடறத்தான் செய்யும். அக்கா கண்டுகொள்ள மாட்டாள். கண்டுகொண்டாலும் சும்மா இருப்பாள்.

அவசரப்பட்டு இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மூன்றாம் பகுதி முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அவள் தூணருகில்தான் உட்கார்ந்திருப்பாள். நிமிர்ந்து ஒரு தடவை அவள் முகத்தைப் பாருங்கள். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். பிறகு வாசியுங்கள்.