சீமைக்குப் போகும் துரைசாணியின் பியானோ

மரியநாயகம் வீட்டுப் பியானோவை அந்த வரிசை வீடுகளில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கேட்டவர்கள் யாரும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மரியநாயகத்தின் கூடத்தில், தெருவில் போகிறவன் கண்ணிலும் படும்படியான இடத்தில் அது நின்றது. கரையான் ஏறாமலிருக்க நாலு காலுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றிய நாலு கிண்ணம். மேலே அவர் மனைவி டொரத்தி பின்னிய லேஸ் துணி. அதன்மேல் கல்யாணப் படம், புனித அந்தோணியார், ஒரு பீங்கான் நாய். ஊர் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது கிராணியார் எடுத்தது. வாங்கிய வருஷமே மழையில் கூரை ஒழுகி ஈரம் உள்ளே இறங்கியது. பிறகு ஓர் எலி குடும்பத்தோடு குடியேறி, உள்ளிருந்த கம்பளித் துண்டுகளையெல்லாம் உருவி மெத்தை போட்டுக்கொண்டது. அதிலிருந்து எந்தக் கட்டையை அழுத்தினாலும் 'டொக்' என்று கதவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. வலது கோடியில் ஒரே ஒரு கட்டை மட்டும் பூனைக்குட்டி மாதிரி முனகும்.

பழுது பார்க்க ஆள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பழுது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கிராணியார் கூப்பிடவில்லை.

இப்படி இருந்த பியானோவால்தான் மகள் பெர்னடெட்டின் கல்யாணத்துக்கு வினை வந்தது.

பெர்னடெட்டுக்கு அது மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் அப்பா வாயால் கெட்டவை. காஜாங்கில் தம்பி வீட்டுக்குப் பின்னால் நின்ற கொஞ்சம் ரப்பர் மரங்களை மரியநாயகம் 'நம்ம காஜாங் எஸ்டேட்' என்று சொல்லிவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்கச் சாப்பாட்டு மூட்டையோடு போனார்கள். மூட்டையை அவிழ்ப்பதற்குள் பார்த்து முடிந்துவிட்டது. அடுத்த சம்பந்தத்தில், பினாங்கிலிருந்த மைத்துனரை பாரிஸ்டர் என்றார். அவர் பாரிஸ்டருக்குக் குடை பிடிக்கிறவர் என்று கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும் முன் தெரிந்துபோயிற்று.

மூன்றாவதாக வந்தவன் கிள்ளான் பையன், சவரிமுத்து. துறைமுக ஆபீஸில் பிளான் வரைகிற வேலை. கிள்ளான் ரயிலில் பெர்னடெட் அவனைப் பார்த்திருக்கிறாள், அவனும் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு நிற்காமல், அவள் தவறவிட்ட ஜெபமாலையை ஸ்டேஷன் வாசல் வரை ஓடிவந்து கொடுத்தும் இருக்கிறான்.

"அப்பா, எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு. இதையும் பேசிக் கெடுத்தீங்கன்னா நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிடுவேன். அங்கே யாரும் பேசமாட்டாங்க" என்றாள்.

மரியநாயகம் இம்முறை உண்மையைத்தான் பேசினார். "பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்று தரகர் சின்னையா கேட்டபோது, "வீட்டில் பியானோ இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை சின்னையாவோடு ரயிலேறிக் கிள்ளானில் இறங்கும்போது, பொண்ணு பியானோ வாசிப்பாள் என்றும், வெள்ளைக்காரத் துரைசாணிகள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள் என்றும் வளர்ந்திருந்தது. அதைத் திருத்துவது தரகரை அவமதிப்பதாகும் என்று மரியநாயகம் சும்மா இருந்துவிட்டார்.

சவரிமுத்துவின் அப்பா வாலண்டைனிடமிருந்து கடிதம் வந்தது. பெண் பார்க்க வரும்போது குழந்தையின் வாசிப்பையும் கேட்க ஆசை என்று எழுதியிருந்தார்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் டொரத்தி.

"சொல்லாம எங்கே போறேன்? கல்யாணம் முடியட்டும், சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

"பியானோ இருந்தாத்தானே வாசிக்கச் சொல்லுவான்? வித்துடலாம்."

விற்பதிலும் சங்கடம் இருந்தது. அது மந்த காலம். ரப்பர் விலை தரைக்கு வந்து, ஆபீஸ்களில் கிராணிகளைக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் பியானோ விற்றால், கிராணியாருக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது என்று வரிசை முழுக்கப் பேசும். அதோடு கறுப்பன் வீட்டுப் பியானோ என்றால் யார் மதிப்பார்கள்? வாங்குகிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர் கை பட்டதைத்தான் தேடினார்கள். மரியநாயகமும் அப்படித் தேடித்தான் வாங்கினார்.

ஆகவே ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. 'சீமைக்குத் திரும்பும் ஐரோப்பியச் சீமாட்டி மிஸஸ் பெர்கின்ஸ் தமது பியானோவை விற்க விரும்புகிறார். இனிய நாதம். மிகக் குறைவாகவே வாசிக்கப்பட்டது.' இதில் கடைசி வாக்கியம் சத்தியம். பெர்கின்ஸ் என்ற பெயர் ஒரு பிஸ்கோத்து டின்னிலிருந்து கிடைத்தது.

விளம்பரத்தில் கொடுத்த விலாசம் மரியநாயகத்தின் ஆபீஸ் துரையுடையது; அவர் அப்போது லீவில் ஊர் போயிருந்தார். மேட்டிலிருந்த அவருடைய பங்களாவின் சாவி அங்கே சமைக்கிற குசினிக்காரர் நாகையாவிடம் இருந்தது. விற்றதில் ஒரு பங்கு என்றதும் நாகையா பங்களாவின் கூடத்தைப் பெருக்கி வைத்தார். பியானோ பாயில் சுற்றப்பட்டு மாட்டு வண்டியில் ஏறியது. அடுத்த வீட்டு சபாபதி வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன கிராணியாரே, எங்கே பயணம்?"

"சிங்கப்பூருக்கு. சுருதி சேர்க்க."

"பதினாலு வருஷமா நான் பக்கத்து வீடு. ஒரு நாள் பாடிக் கேட்டதில்லை. அதுக்குள்ள சுருதி போயிடுச்சா?"

மரியநாயகம் மாட்டைத் தட்டச் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் பங்களாவில் முதல் ஆள் வந்தார். மரியநாயகம் குசினியின் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். வந்தவர் வாசலிலேயே தொண்டையைச் செருமினார். கிராணியார் கிள்ளான் மாதா கோயிலில் கேட்ட செருமல் அது. திரையை விலக்கிப் பார்த்தார். கோட்டு, தொப்பி, சங்கிலிக் கடிகாரம். சாட்சாத் வாலண்டைன்.

வாலண்டைன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். குயினைன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த காலத்தில் கூலி ஜனங்கள் மரியாதைக்கு டாக்டர் என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் அதை வாசல் பலகையில் எழுதிக்கொண்டார்.

"டாக்டர் வாலண்டைன் வந்திருக்கேன்னு துரைசாணிகிட்ட சொல்லு."

"அவங்களுக்குத் தலைவலிங்க. மேலே படுத்திருக்காங்க. சத்தம் ஆகாது. நீங்க பார்த்துக்கிட்டா போதும்னாங்க" என்றார் நாகையா.

தட்டிப் பார்க்கக் கூடாது என்றது வாலண்டைனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தட்டினால் என்ன வரவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பது போல மூடியைத் தூக்கிப் பார்த்தார். விலாவில் விரலால் தட்டினார். பின்பக்கம் குனிந்து முகர்ந்தார்.

"சீமை மரம்தான்" என்றார். "என் மருமகளா வரப்போற பொண்ணு இதுல பெரிய கை. பிரிக்பீல்ட்ஸ் பெரிய கிராணி மக. வந்து இறங்கின அன்னிக்கே நம்ம வீட்டுல வாசிக்கணும். நாலு பேர் கேக்கணும்."

திரைக்குப் பின்னால் நின்ற மரியநாயகம், வாலண்டைனின் முதுகுப்புறம் திரையை விலக்கினார். விற்காதே, விற்காதே என்று நாகையாவைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். நாகையா கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு விலையை ஏற்றினார். மரியநாயகம் எம்பி எம்பி ஆட்டினார். நாகையா இன்னும் ஏற்றினார். துரைசாணியிடம் பேரம் பேசுவது டாக்டருக்கு அழகல்ல என்பதால் வாலண்டைன் அந்த விலைக்கே ஒப்புக்கொண்டார். லோரியும் கையோடு கொண்டுவந்திருந்தார். அது போனதும் மரியநாயகம் திரைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார்.

"அட மடையா, வேணாம்னுல்ல கை காட்டினேன்!"

"நல்ல கதையா இருக்குங்களே! மேலே மேலேன்னு குதிச்சுக் குதிச்சுக் காட்டினீங்க. எனக்கே கூச்சமா இருந்துச்சு, அவ்வளவு கேக்க" என்றார் நாகையா, தன் பங்கை மடியில் செருகிக்கொண்டு.

மரியநாயகம் வீட்டில், யாரோ ஒரு கனவான் வாங்கிப் போனார் என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே வாலண்டைனிடமிருந்து இன்னொரு கடிதம். நாங்கள் அங்கே வருவதைவிட, மாதா திருநாளுக்கு நீங்கள் கிள்ளானுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள், பெண்ணும் வரட்டும், அவள் மகிழும்படி ஒரு பொருள் எங்கள் கூடத்தில் இருக்கிறது.

திருநாளன்று காலையில் மரியநாயகத்துக்குக் காய்ச்சல் வந்தது. டொரத்தி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எழுந்து கோட்டைப் போடுங்க" என்றாள்.

பூசை முடிந்து வாலண்டைன் வீட்டுக் கூடம் நிறைய ஜனம். பங்குச் சாமியார், துறைமுகக் கிராணிகள், அவர்கள் மனைவிமார். நடுச் சுவரில், நாலு கிண்ணத்தில் நாலு கால் வைத்து, புது லேஸ் துணி போர்த்திக்கொண்டு, பியானோ நின்றது.

டொரத்தி அதைப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில், தான் இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்ட வடுவையும் பார்த்தாள். பழக்க தோஷத்தில் முந்தானையால் அதைத் துடைக்கப் போனாள். மரியநாயகம் பலமாக இருமினார். பெர்னடெட் வடுவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"மிஸஸ் பெர்கின்ஸோட பியானோ" என்று வாலண்டைன் கூடம் முழுதும் கேட்கும்படி ஆரம்பித்தார். "விக்க மனசே இல்லை அவங்களுக்கு. எனக்கு டீ குடுத்து, எதிரே உக்கார வச்சு, தானே வாசிச்சுக் காட்டினாங்க. வாசிக்க வாசிக்கக் கண்ணீர். 'டாக்டர் வாலண்டைன், உங்க வீட்டுக்குப் போறதுனாலதான் குடுக்கிறேன்'னு கையைக் குலுக்கினாங்க பாருங்க, அது இன்னும் என் கையிலேயே நிக்குது."

மரியநாயகத்துக்கு ரத்தம் கொதித்தது. பிஸ்கோத்து டின்னிலிருந்து அவர் பெற்றெடுத்த துரைசாணி. பெற்றவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள், இந்த வாலண்டைனுக்கு டீ கொடுத்து அழுதிருக்கிறாள்.

"என்ன பாட்டு வாசிச்சாங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இங்கிலீஷ் பாட்டு" என்றார் வாலண்டைன்.

சாமியார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "பொண்ணு வாசிக்குமாமே. கேக்கலாமே?"

"சாப்பாடு ஆறிடும் சாமி" என்றார் மரியநாயகம்.

"ஆமாமா, முதல்ல சாப்பாடு" என்றார் வாலண்டைனும், அதைவிட அவசரமாக.

மரியநாயகம் திரும்பிப் பார்த்தார். வாலண்டைன் நெற்றியிலும் வியர்வை. கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்திருந்தார். பாதி வரை 'டொக்' கேட்டதும் மூடிவிட்டார். ஏமாந்தேன் என்று யாரிடம் சொல்வது? துரைசாணி வாசித்துக் கேட்டேன் என்று லோரியிலிருந்து இறக்கும்போதே தெருவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"ஒரே ஒரு பாட்டு, அதுக்குள்ளே சோறு ஓடிடாது" என்றார் சாமியார்.

பெர்னடெட் எழுந்துபோய் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு கட்டையை அழுத்தினாள். டொக். இன்னொன்று. டொக். யாரோ வெளியே கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். மரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதும் போயிற்று. மகள் மடத்துக்குப் போகப் போகிறாள்.

பெர்னடெட் சவரிமுத்துவைப் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது.

"மாமா, துரைசாணி வாசிச்சப்போ இது நல்லாப் பாடிச்சா?"

வாலண்டைன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாடிச்சேம்மா. குயில் மாதிரி."

"அப்போ பியானோ மேல தப்பில்லை. என் கைக்குத்தான் வரலை. நான் கத்துக்கிட்டது ஒண்ணுமில்லை மாமா, தரகர் கூட்டிச் சொல்லியிருக்கார். அதனால ஒண்ணு செய்யுங்க. மிஸஸ் பெர்கின்ஸைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க. அவங்களே வந்து வாசிக்கட்டும். நானும் அவங்ககிட்டயே கத்துக்கிறேன்."

"நல்ல யோசனை. அழைப்பை நானே எழுதறேன், விலாசம் சொல்லுங்க" என்றார் சாமியார்.

"அவங்க கப்பல் ஏறிட்டாங்க!" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே வாயாகக் கத்தினார்கள்.

கத்திய பிறகு வாலண்டைன் மெல்ல மரியநாயகத்தின் பக்கம் திரும்பினார். "அது உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார். கேள்வியை முடித்தால் பதில் எங்கெல்லாம் போகும் என்று தெரியவில்லை.

"பேப்பர்ல பார்த்தேன் சம்பந்தி" என்றார் மரியநாயகம்.

'சம்பந்தி' என்ற சொல் நடுக்கூடத்தில் நின்றது. வாலண்டைன் அதைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆமா சம்பந்தி. பேப்பர்லதான் வந்துச்சு. இங்கே கடல் காத்து பாருங்க, அதுதான் கட்டை ஊறிப்போச்சு."

"கிள்ளான் காத்து பொல்லாதது" என்று மரியநாயகம் ஆமோதித்தார்.

வாலண்டைன் மனைவியிடம் டொரத்தி, "கிண்ணத்துல எண்ணெய் குறைஞ்சிருக்கு சம்பந்தியம்மா, இன்னிக்கே ஊத்திடுங்க" என்று ரகசியமாகச் சொன்னாள். சாமியார் கல்யாணத்துக்கு எந்த மாதம் தோது என்று விரல் மடக்கத் தொடங்கினார்.

பெர்னடெட் மூடியைச் சாத்தும் முன், வலது கோடியிலிருந்த கடைசிக் கட்டையைத் தேடாமல் தொட்டு அழுத்தினாள். பூனைக்குட்டி முனகியது. சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"பார்த்தீங்களா, பாடுது!" என்றார் வாலண்டைன்.

முதலில் கை தட்டியவர் மரியநாயகம்தான்.