முத்திரை மேல் குங்குமம்

இரும்புப் பெட்டியின் முத்திரைக் காகிதத்தின் மேல் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அடியில் வைத்த சந்தனத்தின் ஈரம் காய்ந்ததில் காகிதத்தின் ஒரு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. யாரோ உரித்துவிட்டு மறுபடி ஒட்டியது போலத் தெரிந்தது.

உள்ளே எட்டுக் கண்ணாடிக் குப்பிகள். நாலில் கடற்கரை மணலோடு அள்ளிய எண்ணெய், நாலில் கப்பலின் தொட்டியிலிருந்து எடுத்த எண்ணெய். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினால்தான் கடற்கரையைச் சுத்தம் செய்த செலவும் மீன்பண்ணைக்காரர்களின் இழப்பீடும் கப்பல்காரர்கள் தலையில் விழும். அது தங்கள் எண்ணெயே இல்லை என்று அவர்கள் சாதிக்கிறார்கள். நான் அரசாங்க வக்கீல். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் முன்னால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஜூனில் முத்திரை வைத்த நாளிலிருந்து ஒருவரும் இந்த அறைக்குள் நுழையவில்லை என்று கிடங்குப் பொறுப்பாளர் மருதப்பன் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார். அவர் சொன்னதை வைத்து அந்த வாசகத்தை எழுதியதே நான்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் வேறு யாராவது என்றால் ஏதோ சிவப்புக் கறை என்று விட்டிருப்பார். பாலகிருஷ்ணன் விடமாட்டார். ஆயுதபூஜைக்குத் தன் காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிற மனிதர். அந்தப் பூஜை அக்டோபரில் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அண்ணே, இது என்ன?"

மருதப்பன் பெட்டியைப் பார்க்கவில்லை. "தெரியலையே மேடம். முன்னாடியே இருந்திருக்கும் லா."

"ஜூன்ல நான்தானே பக்கத்துல நின்னேன். அப்ப இல்லை."

அவர் வெளியே போய் ஈரத்துணியோடு வந்தார். "தொடைச்சிரவா? ஒரு நிமிஷ வேலை."

உடனே வேண்டாம் என்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். துணியிலிருந்து இரண்டு சொட்டு தரையில் விழும்வரை வாய் திறக்காமல் நின்றேன். வெட்கமாக இருந்தது.

"கை வைக்காதீங்க. இதைப் பத்தி இன்னிக்கே அவங்களுக்கு எழுதப் போறேன். வந்த ஆளு முத்திரைய உரிக்கலைன்னு காட்ட முடியலைன்னா கேஸ் அம்போதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நம்மாளுன்னுதான் உங்ககிட்ட சொல்றேன் மேடம். ஒரு படம்..."

எனக்குப் புரிந்துவிட்டது. பூஜை போட்டுவிட்டு அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாத தமிழன் இந்த ஊரில் உண்டா? சந்தனம் காய்வதற்கு முன்னால் காகிதம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. மருதப்பனின் சத்தியம் பொய் என்பதற்கும் அதுதான் சாட்சி. கையை நீட்டினால் போதும், கொடுத்துவிடுவார்.

"காட்டாதீங்கண்ணே. நான் அரசாங்கத்தோட லாயர், உங்க லாயர் இல்லை. அதைக் குடுத்தா உங்க வேலை போகலாம், உங்க மேலயே கேஸ் வரலாம். தனியா ஒரு லாயரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அவர் முகம் செத்துப்போனது. "ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு மேடம்," என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு உட்லண்ட்ஸ் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

பொட்டைப் பற்றிய கடிதத்தை ஐந்து மணிக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பாலகிருஷ்ணனின் பதில் வந்தது. முத்திரை உரிந்திருப்பதால் பெட்டியையே ஏற்கக்கூடாது என்று மனுப் போடப் போகிறாராம். மருதப்பனைத் திட்டினேன். கையை நீட்டாத என்னையும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு, நான் நம்பிக்கையை விட்டிருந்தபோது, மருதப்பன் வந்தார். கூடவே சுதா என்ற இளம் வக்கீல். தேக்காவில் அவர் அலுவலகத்தில் காலையில் பார்த்துப் பேசிவிட்டு நேரே வருகிறார்களாம்.

"நீங்க கேட்டு வாங்கலையே, அதுக்காகவே படத்தைக் குடுத்துருங்கன்னு வீட்ல சொன்னா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பாலகிருஷ்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஈரச் சந்தனத்தின் கீழே காகிதம் மூலை கலையாமல் படிந்திருந்தது. முத்திரை எண்ணும் என் கையெழுத்தும் தெளிவாகத் தெரிந்தன.

"யாரும் உள்ள போகலைன்னு ஏன் சத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

சுதா தலையசைத்ததும் மருதப்பன் பேசினார். "ஃபோர்க்லிஃப்டு, தராசு, பூட்டு, எல்லாத்துக்கும் வருஷா வருஷம் வைக்கிறதுதான் சார். சாமி காரியம். அதெல்லாம் உள்ள போனதாகும்னு அன்னைக்குத் தோணலை. நேத்துதான் தோணுச்சு, அதான் மேடம்கிட்டப் பொய் சொன்னேன்."

"பெட்டிக்கு எதுக்கு வச்சீங்க?"

மருதப்பன் என் பக்கம் திரும்பினார். "மேடம்தான் சொன்னாங்க. இந்தப் பெட்டிய உங்க உசுரு மாதிரி பாத்துக்கோங்கன்னு."

சொல்லியிருந்தேன். ஜூனில், முத்திரையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவசர அவசரமாக.

பாலகிருஷ்ணன் அதை எழுதிக்கொண்டார். மனுப் போடவில்லை. பெட்டியைத் திறந்தோம், குப்பிகள் சோதனைக்குப் போயின. மருதப்பனைக் கிடங்குக் கம்பெனி மதியத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தியது.

சாவியை மேசைமேல் வைத்த பிறகு அவர் அறைக்குள் வந்துபோவோர் பதிவேட்டைத் திறந்தார். தன் பெயரையும், உள்ளே வந்த நேரத்தையும், வெளியே போகும் நேரத்தையும் நிதானமாக எழுதினார்.

"எழுதிட்டேன் மேடம். இப்ப சரிதானே?"

"சரிதாண்ணே," என்றேன்.